வெற்றுக் கலம் பூச்சியமல்ல
தோட்டக் கணக்குகளுக்கு விரிதாள் - ஒரு பாடம்

தோட்டத்துச் செக்ரோலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எண்ணைப் போலவே எண்ணல்லாதவையும் நிறைய இருக்கும். ஒரு கட்டத்தில் கோடு, இன்னொன்றில் ½, வேறொன்றில் ஏதோ ஓர் எழுத்து, பல கட்டங்களில் ஒன்றுமே இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் குறிகள் மாறும். ஆனால் அந்தந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு ஒவ்வொரு குறியும் என்ன சொல்கிறதென்று தெரியும். கட்டம் வெறுமையாய் இருந்தால் அன்று அந்தப் பெண் வரவில்லையா, வேலையே கொடுக்கப்படவில்லையா, அல்லது இன்னும் எழுதவில்லையா என்பதும் அவர் மனதில் இருக்கும்.

கணினிக்கு அந்த மனம் இல்லை. இன்று பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கமெல்லாம் தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் எக்செலிலோ, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கல்க்கிலோ கணக்கெழுதப் பழகியிருக்கிறார்கள். சிக்கனக் குழுக் கணக்கு, பிள்ளைகளின் நிறைப் பதிவு, மரண உதவிச் சங்கத்தின் சந்தா, கொழுந்துக் கிலோ எல்லாம் விரிதாளுக்கு வந்துவிட்டன. கூட்டவும் பெருக்கவும் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். வெற்றுக் கலத்தையும் எழுத்துள்ள கலத்தையும் சூத்திரம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆகவே இந்தப் பாடம். சூத்திரங்களின் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டெழுத வேண்டும்.

ஒரு நிரல், மூன்று சராசரி

ஆறு பெண்கள் ஒரு நாள் பறித்த கொழுந்தை எடுத்துக்கொள்வோம். ‘பி’ நிரலில் இரண்டாம் வரிசை முதல் ஏழாம் வரிசை வரை கிலோவை எழுதுகிறோம்: 22, 19, அடுத்தது வெற்றுக் கலம், அடுத்ததில் ‘லீவு’ என்ற சொல், பின்பு 16, 24.

=சம்(பி2:பி7) என்று கேட்டால் 81 வரும். வெற்றுக் கலத்தையும் ‘லீவு’ என்பதையும் அது பேசாமல் தாண்டிப் போய்விடும். =பி2+பி3+பி4+பி5+பி6+பி7 என்று ஒவ்வொன்றாகக் கூட்டினாலோ ‘வேல்யூ’ என்ற பிழை வந்து நிற்கும். ‘லீவு’ என்பதை எந்த எண்ணாகவும் மாற்ற முடியாதாகையால் கூட்டல் குறி அங்கே தடுமாறுகிறது. வெற்றுக் கலத்தில் அது தடுமாறுவதில்லை. அதைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு மேலே போகிறது. ஒரே கலத்தைச் ‘சம்’ ஒரு விதமாகவும் கூட்டல் குறி வேறு விதமாகவும் நடத்துகின்றன என்பதை முதலில் மனதில் இருத்துவோம்.

இனிச் சராசரி. =அவரேஜ்(பி2:பி7) எண்ணுள்ள கலங்களை மட்டும் எடுக்கும்: 81ஐ 4ஆல் வகுத்து 20.25. ‘அவரேஜ் ஏ’ என்றொரு தம்பி சூத்திரம் உண்டு. அது எழுத்தைப் பூச்சியமாக எண்ணும், வெற்றிடத்தை மட்டும் விட்டுவிடும்: 81ஐ 5ஆல் வகுத்து 16.2. யாராவது “கட்டம் காலியாக இருக்கக் கூடாது” என்று எண்ணி இரண்டு கலங்களிலும் 0 போட்டுவிட்டால், 81ஐ 6ஆல் வகுத்து 13.5.

தராசில் நின்ற கொழுந்து 81 கிலோதான். அதில் ஒரு கிராமும் மாறவில்லை. ஆனால் “இந்த மலையில் ஒருத்தி எத்தனை கிலோ எடுக்கிறாள்?” என்ற கேள்விக்கு 20.25, 16.2, 13.5 என்று மூன்று பதில்கள் வந்துவிட்டன. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்ட பின் பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டதென்றும், அதை எட்டாதவர்களுக்கு அரைப்பேரே விழுகிறதென்றும் தொழிலாளர் முறையிட்டு வந்துள்ளனர். இத்தகைய பேச்சு நடக்கும்போது நாம் மேசைமேல் வைக்கும் சராசரி இந்த மூன்றில் எது, அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மேற்சொன்ன கேள்விக்குச் சரியான விடை 20.25. “பேர்ப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் சராசரி என்ன கிடைத்தது?” என்பதே கேள்வியானால் 13.5உம் சரியே. 16.2 எந்தக் கேள்விக்கும் விடையல்ல. லீவு என்று எழுதியவளைப் பூச்சியமாக்கி, ஒன்றும் எழுதாதவளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டதால் வந்த எண் அது.

எழுத்து எந்த எண்ணிலும் பெரியது

இதைவிட விபரீதமான ஒன்று உண்டு. நோம் 18 கிலோ என வைத்துக்கொண்டு, அடுத்த நிரலில் இப்படி எழுதுகிறோம்: =இஃப்(பி2>=18,"எடுத்தார்","குறைவு"). இதையே கீழ்நோக்கி இழுத்துவிடுகிறோம். 22க்கு ‘எடுத்தார்’, 16க்குக் ‘குறைவு’. சரி. வெற்றுக் கலத்துக்குக் ‘குறைவு’ என்று வரும். அது பூச்சியமாகக் கொள்ளப்பட்டது. ‘லீவு’ என்றிருக்கும் வரிசையைப் பாருங்கள். அங்கே ‘எடுத்தார்’ என்று இருக்கும்!

காரணம் இதுதான். ஒப்பிட்டுப் பார்க்கும்போது எந்த எழுத்தும் எந்த எண்ணிலும் பெரியது என்பது எக்செலின் விதி. கல்க்கிலும் அப்படியே. 18ஐ அல்ல, 18 இலட்சத்தை வைத்து ஒப்பிட்டாலும் ‘லீவு’தான் பெரியது. ஆக அன்று மலைக்கு வராத இரண்டு பெண்களில் ஒருத்தி நோம் எடுத்தவளாகவும் மற்றவள் நோம் குறைந்தவளாகவும் பதிவாகிறார்கள். இருவருமே கொழுந்து எடுக்கவில்லை. பிழை என்ற எச்சரிக்கையும் திரையில் எங்கும் வராது. ‘வேல்யூ’ பிழை வந்தால் குறைந்தபட்சம் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்வோம். இது ஒழுங்கான விடைபோலவே உட்கார்ந்திருக்கும். ஐந்நூறு பேர் உள்ள பட்டியலில் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது.

பரிகாரம், ஒப்பிடும் முன் அது எண்தானா என்று கேட்பது. =இஃப்(இஸ் நம்பர்(பி2),இஃப்(பி2>=18,"எடுத்தார்","குறைவு"),"விசாரிக்க"). ‘இஸ் நம்பர்’ வெற்றுக் கலத்துக்கும் இல்லை என்று சொல்லும், எழுத்துக்கும் இல்லை என்று சொல்லும். இரண்டு பெண்களும் ‘விசாரிக்க’ என்ற ஒரே பக்கத்தில் வந்துவிடுவார்கள். எத்தனை பேர் நோம் எடுத்தார்கள் என்று எண்ண மட்டும் வேண்டுமானால் ‘கவுண்ட் இஃப்’ போதும். ">=18" என்று நிபந்தனை கொடுத்தால் அது எண்களை மட்டுமே எண்ணும், ‘லீவு’க்கு ஏமாறாது. ஒரே மென்பொருளுக்குள் ஒன்று ஏமாறுகிறது, இன்னொன்று ஏமாறவில்லை. இதற்குத் தர்க்கம் தேடி நேரத்தை வீணாக்காமல், மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது.

அரைப்பேர் என்ற சிக்கல்

அரைப்பேரை விரிதாளில் எழுதுவது எளிதென்று தோன்றும். ½ என்ற குறியைத் தேடியெடுத்துப் போட்டால் அது எழுத்து. ‘சம்’ அதைத் தாண்டிப் போகும். அந்த அரைநாள் உழைப்பு கூட்டுத்தொகையில் இல்லாமற் போகும். 1/2 என்று தட்டெழுதினால் கணினி அதைத் திகதியாக்கிவிடும். அமைப்பைப் பொறுத்துப் பெப்ரவரி 1 அல்லது ஜனவரி 2. திகதி என்பது உள்ளே ஓர் எண்; 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எண்ணி வரும் நாட்களின் தொகை. இன்றைய திகதிகளுக்கு அது 45,000ஐத் தாண்டிய எண். ஆகவே 14 நாளும் ஓர் அரைநாளும் வேலை செய்தவருக்கு நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பேர் விழுந்துவிடும். இந்தப் பிழையாவது கண்ணை உறுத்தும். ½ எழுத்தாகிப் போவது உறுத்தாது, அதுவே ஆபத்து. 0.5 என்று எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டால் இரண்டுமே இல்லை.

75 வீதத்தின் வகுத்தி

வெற்றுக் கலம் நேரடியாகக் காசாகும் இடத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா, விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா, மொத்தம் 620 என்றிருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2016இல் அது 500, 60, 30 என்று மாறி, உற்பத்தித்திறனுக்கு 140 சேர்ந்து 730 ஆயிற்று. 2019இல் வரவுக் கொடுப்பனவு எடுபட்டது. அது இருந்த காலத்தில், வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வந்தவர்களுக்கே அது உரியதாயிருந்தது. இங்கே ‘கொடுக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஊவாவில் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். தேயிலையின் தரம் உயரும் காலம் அது. கொழுந்து குறையும் காலமும் அதுவே. கொழுந்து இல்லாத நாளில் வேலையும் இராது. மாதத்தில் 26 கட்டங்கள் உள்ள பட்டியலில் 20 நாளே வேலை கொடுக்கப்பட்டு, ஒருவர் 16 நாள் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். 16ஐ 20ஆல் வகுத்தால் 80 வீதம், கொடுப்பனவு உண்டு. வேலை இல்லாத 6 நாளையும் வராத நாளாக எண்ணி 26ஆல் வகுத்தால் 61.5 வீதம், கொடுப்பனவு இல்லை. 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி 16 நாளுக்கு 140 வீதம் 2240 ரூபா. அந்த 2240 ரூபா நின்றதும் விழுந்ததும் ஆறு வெற்றுக் கலங்களை எவர் எப்படி வாசித்தார் என்பதில். ஒப்பந்தங்கள் மாறினாலும், வருகையை வைத்து எதையாவது தீர்மானிக்கும் எந்தக் கணக்கிலும் இந்தக் கேள்வி திரும்ப வரும்.

நாம் பரிந்துரைக்கும் முறை இது. வந்த நாளுக்கு 1, அரைப்பேருக்கு 0.5, வேலை இருந்தும் வராத நாளுக்கு 0, வேலை கொடுக்கப்படாத நாளுக்கு ‘வேஇ’ என்ற எழுத்து. இன்னும் எழுதப்படாத நாள் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். இப்போது மென்பொருளின் குணமே நமக்கு உதவிக்கு வரும். ‘கவுண்ட்’ எண்களை மட்டும் எண்ணும். ஆகவே அது தருவது வேலை கொடுக்கப்பட்ட நாட்கள். ‘கவுண்ட் இஃப்’ சூத்திரத்துக்கு ">0" என்று கொடுத்தால் வந்த நாட்கள். ‘சம்’ தருவது விழுந்த பேர். ‘கவுண்ட் பிளாங்க்’ தருவது இன்னும் எழுதாத நாட்கள். மாத முடிவில் இது பூச்சியமாக வராவிட்டால் பட்டியலை எவரிடமும் கொடுக்க வேண்டாம். அரைப்பேரே இல்லாத பட்டியலில் ‘அவரேஜ்’ ஒன்றே வருகை வீதத்தைத் தந்துவிடும், ஏனெனில் அது ‘வேஇ’யைத் தானாகவே வகுத்தியிலிருந்து விட்டுவிடுகிறது. முன்னே நம்மை ஏமாற்றிய அதே குணம் இங்கே வேலை செய்கிறது.

நிறைப் பதிவு

பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளின் நிறையை மாதாமாதம் எழுதும் நிலையங்களில் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. பங்குனியில் ஒரு பிள்ளை 10.4 கிலோ. சித்திரையில் அது வரவில்லை, கலம் வெறுமை. வைகாசியில் 10.9. மாத வித்தியாசத்தைக் காண =டி2-சி2 என்று எழுதினால், சித்திரையில் பிள்ளை 10.4 கிலோ குறைந்துவிட்டதாகவும், வைகாசியில் 10.9 கிலோ கூடிவிட்டதாகவும் வரும். தாய் பார்த்தால் சிரிப்பாள். ஆனால் இந்த வித்தியாசங்கள் நூறு பிள்ளைகளின் சராசரிக்குள் புகுந்துவிட்டால் எவரும் சிரிக்கப்போவதில்லை. அது அறிக்கையாகப் போய்ச் சேரும். =இஃப்(கவுண்ட்(சி2:டி2)=2,டி2-சி2,"") என்று எழுதினால், இரண்டு மாதமும் எண் இருந்தால் மட்டுமே கழிக்கும்.

வேறொரு தாளிலிருந்து நிறையை எடுத்து வரும்போதும் இதே கதைதான். மூலத்தாளில் கலம் வெறுமையாக இருந்தால், சமக்குறி போட்டு எடுத்த இடத்தில் 0 என்று வரும். அதை வரைபடமாக்கினால் வளர்ச்சிக் கோடு அந்த மாதம் தரையில் விழுந்து எழும்பும். மூலக்கலம் "" க்குச் சமமானால் "" எனவும், இல்லாவிட்டால் அந்த எண் எனவும் ‘இஃப்’ வைத்து எடுப்பது நல்லது. இங்கே ஒரு நுட்பம்: வெற்றுக் கலத்தைப் பார்த்து “நீ 0தானா?” என்று கேட்டாலும் ஆம் என்கிறது, “நீ வெறுமைதானா?” என்று கேட்டாலும் ஆம் என்கிறது. ஆகவே பூச்சியமா என்று கேட்டுத் தீர்மானிக்கும் சூத்திரங்களில் வெறுமையையே முதலில் விசாரிக்க வேண்டும்.

சூத்திரத்தால் தீராத ஒன்றையும் சொல்ல வேண்டும். நிறுக்கும் நாளில் வராத பிள்ளைகள் எந்தப் பிள்ளைகள்? பெரும்பாலும் தூரத்து டிவிசன் பிள்ளைகள், காய்ச்சலில் கிடப்பவை, தாய் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விட்டதால் பாட்டியிடம் வளர்பவை. நிறை குறைந்திருக்கக்கூடிய பிள்ளைகளே அதிகமாக வெற்றுக் கலங்களில் இருக்கிறார்கள். ‘அவரேஜ்’ அவர்களை விட்டுவிட்டுத் தரும் எண் கணக்கின்படி சரி. ஆனால் தோட்டத்தின் நிலைமையை அது உண்மையைவிட நன்றாகக் காட்டக்கூடும். ஆகவே நிறை குறைந்தோர் வீதத்தை எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே “40 பேரில் 31 பேர் நிறுக்கப்பட்டனர்” என்று எழுதிவிடுங்கள். வராத ஒன்பது வீட்டுக்கும் போய்வருவது அடுத்த வேலை.

வெறுமை என்பது “இன்னும் தெரியாது” என்று பொருள்படும் இடங்களில் மிகக் கடுமையானது அனர்த்தப் பட்டியல். 2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை பல விதமாகச் சொல்லப்பட்டது. பின்னர் அது வெகுவாகக் குறைந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள், வேலைக்குப் போயிருந்தவர்கள், உறவினர் வீட்டில் இருந்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடி அறிய வேண்டியிருந்தது. இப்படியான பட்டியலில் ‘உண்டு’, ‘காணவில்லை’ என்பவற்றோடு ‘விசாரிக்கவில்லை’ என்பதையும் எழுத்திலேயே எழுத வேண்டும். வெற்றிடத்தை அப்படியே விட்டால் ஒருவர் அதைக் ‘காணவில்லை’ என்று எண்ணுவார், இன்னொருவர் ‘பிரச்சினையில்லை’ என்று எண்ணுவார்.

எண்போலிருக்கும் எழுத்து

“22 கிலோ” என்று கலத்துக்குள் எழுதினால் அது எழுத்து. 10 என்பதில் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ விழுந்தால் எழுத்து. கைத்தொலைபேசிச் செய்தியிலிருந்து பிரதிசெய்து ஒட்டிய எண்கள் பல சமயம் எழுத்தாகவே வந்து சேரும். அடையாளம் காண எளிய வழி: நாமாக ஒழுங்குபடுத்தாதவரை எண் கலத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். எக்செலில் மூலையில் சிறு பச்சை முக்கோணமும் தெரியக்கூடும். ‘வேல்யூ’ என்ற சார்பினால் இவற்றை எண்ணாக்கலாம். “22 கிலோ” போன்றவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். எத்தனை எழுத்துக் கலங்கள் உள்ளன என்றறிய, வெறுமையல்லாதவற்றை எண்ணும் ‘கவுண்ட் ஏ’யிலிருந்து ‘கவுண்ட்’டைக் கழித்தால் போதும்.

மறுபுறம், எழுத்தாகவே இருக்க வேண்டியவை உண்டு. தொலைபேசி எண்ணை எண்ணாக எழுதினால் 055 என்பதன் முதற் பூச்சியம் போய்விடும். புதிய தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை அகலமில்லாத சாதாரணக் கலம் புள்ளியும் ‘ஈ’யும் போட்டுச் சுருக்கிக் காட்டும். ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ எண்ணும் அப்படியே. கூட்டவோ கழிக்கவோ போகாத எண்களுக்கு, எழுதும் முன்பே அந்த நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.

வெறுமைபோலிருக்கும் கலமும் உண்டு. ஓர் எண்ணை அழிக்க இடைவெளிக் கட்டையைத் தட்டிவிடுவது புதிதாகப் பழகுவோரின் வழக்கம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். கழித்தல் சூத்திரம் அங்கே ‘வேல்யூ’ பிழை காட்டும்போது காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவார்கள். அழிப்பதற்கு ‘டிலீட்’ விசையே உரியது.

பிழை எதுவாயினும் ‘இஃப் எரர்’ போட்டு 0 ஆக்கிவிடும் பழக்கத்தை நாம் விரும்பவில்லை. ஈரம் கசியும் லயச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது அது. பிழை வந்த கலத்தைத் திறந்து பார்த்தால் அங்கே பெரும்பாலும் ஓர் ஆள் இருப்பார்.

பயிற்சி

சிக்கனக் குழு ஒன்றின் ஏழு அங்கத்தவரின் மாதச் சந்தாவை ஒரு நிரலில் எழுதுங்கள்: 100, 100, 0, வெற்றுக் கலம், ‘பாக்கி’ என்ற சொல், 50, கடைசியாக முன்னே ஒற்றை மேற்கோள் குறி போட்டு 100. ‘கவுண்ட்’ 4, ‘கவுண்ட் ஏ’ 6, ‘கவுண்ட் பிளாங்க்’ 1, ‘அவரேஜ்’ 62.5 என்று வர வேண்டும். ‘சம்’ 250 காட்டும். ஆனால் பெட்டியில் 350 ரூபா இருக்கும். ஏழாமவர் தன் நூறு ரூபாவைக் கட்டியிருக்கிறார். கணக்கில் அவர் கட்டவில்லை. அந்த ஒரு கலத்தை எண்ணாக்கிவிட்டுச் சராசரியை மறுபடி பாருங்கள், 70 வரும். அதன்பின் நான்காமவரைச் சந்தித்து, அவருடைய கலம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.